பின்பால் பொறியும் பதிப்புரிமையும்

ஒரு பொருளை உடைமையாகப் பெறுதல் வேறு. அதனைப் படியெடுக்கும் உரிமையைப் பெறுதல் வேறு. நூலொன்றை விலைக்கு வாங்கியவன் அதனை அச்சிட்டு விற்கும் உரிமையையும் உடன்வாங்கியவன் ஆகான். நூலுலகில் இவ்வேறுபாடு எளிதிற் புலப்படும். ஆயின் மரம், கண்ணாடி, மின்கம்பி, ஓவியம், இசை, கணினி நிரல் ஆகியன ஒருங்கமைந்த பொறியொன்றைக் கணினித் திரையில் மீள ஆக்கப் புகுவார்க்கு எது எவருக்குரியது என்பது சிக்கலான வினாவாகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் வளர்ந்த பின்பால் பொறியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

சாய்ந்த மேசையிலே குண்டை உருட்டித் தடைகளில் மோதவிட்டுப் புள்ளி ஈட்டுதலே இவ்விளையாட்டு. சின்சினாட்டி நகரத்து மொன்டேகு ரெட்கிரேவ் என்பார், சுருள்வில்லாற் குண்டை உந்தும் அமைப்பையுடைய மேசைக்கு 1871ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை பெற்றார். 1931இல் சிக்காகோவின் கொட்லீப் கொம்பனி வெளியிட்ட 'பஃபிள் போல்' பெருவழக்குற்றது. 1947இல் அக்கொம்பனியே 'ஹம்டி டம்டி' என்னும் பொறியிலே குண்டைத் திருப்பியடிக்கும் மின்துடுப்புகளை அமைத்தது. சூதாட்டக் கருவியெனக் கருதி நியூயோர்க் நகரம் 1942இல் விதித்த தடை 1976இலேயே நீங்கிற்று. 1970களின் பிற்பகுதியில் நுண்செயலிகள் புகவே, பொறியின் நடத்தை நிரலுள் அடங்குவதாயிற்று.

ஆக்கவுரிமை குறுகிய காலத்தது. அமெரிக்காவில் அது நெடுங்காலம், வழங்கப்பட்ட நாள்முதல் 17 ஆண்டுகளே நிலவிற்று. ஆதலின் பழைய பொறிகளின் இயங்கமைப்பு இன்று எவருக்கும் பொது. விளையாட்டு முறையும் பதிப்புரிமைக்கு உட்படாது. ஓவியம், இசை, குரற்பதிவு, நிரல் என்பனவே அதற்கு உட்படுவன. கொம்பனியின் பெயரும் இலச்சினையும் வியாபாரக் குறிச் சட்டத்தின்பாற்படும்.

ஓவியங்களுள்ளும் வேறுபாடுண்டு. 1909ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உரிமை அறிவித்தலின்றி வெளியிடப்பட்டவை பொதுவுடைமையாயின. 1964க்கு முன் வெளிவந்தவை 28ஆம் ஆண்டிற் புதுப்பிக்கப்படாவிடின் உரிமை இழந்தன. எனவே பழைய பொறியோவியங்கள் சில பொதுவுடைமையாயிருத்தல் கூடும். ஆயினும் ஒவ்வொன்றையும் தனித்தனி ஆராய்ந்தே துணிதல் வேண்டும்.

நிரலின் நிலையை 1982ஆம் ஆண்டு வழக்கொன்று தெளிவுறுத்தியது. 'டிஃபெண்டர்' என்னும் திரைவிளையாட்டைப் படியெடுத்த ஆர்டிக் இன்டர்நேஷனல் மீது வில்லியம்ஸ் கொம்பனி வழக்காடிற்று. நினைவகச் சில்லிற் பதிந்த நிரலும் பதிப்புரிமை உடையதே என மேன்முறையீட்டு மன்று தீர்த்தது. வென்ற கொம்பனி பின்பால் பொறிகளுக்கும் பெயர்பெற்றது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

திரைப்படங்களைத் தழுவிய பொறிகளிற் சிக்கல் பன்மடங்காகும். 1992இல் வெளிவந்து 20,000க்கு மேல் விற்பனையான 'அடம்ஸ் ஃபமிலி' பொறியிலே படத்தின் உரிமையும் நடிகரின் உருவமும் குரலும் கலந்துள்ளன. 1999இல் வில்லியம்ஸ் பின்பால் தொழிலைக் கைவிட்டது. 2012இல் 'பின்பால் ஆர்கேட்' என்னும் கணினித் தொகுப்பை வெளியிட்ட ஃபார்சைட் நிறுவனம், 'டுவைலைட் ஸோன்' பொறியின் உரிமங்களுக்காகப் பொதுமக்களிடம் பணம் திரட்டியது. அவ்வாறு முயன்றும் வில்லியம்ஸ், பாலி பொறிகளுக்கான உரிமம் முடிவுற்றமையால், 2018 ஜூன் 30உடன் அவை அத்தொகுப்பின் விற்பனையினின்றும் நீங்கின. பின்னர் அவ்வுரிமம் ஸென் ஸ்டூடியோஸ் நிறுவனத்தைச் சேர்ந்தது. அந்நிறுவனமோ அவற்றைத் தானே மீண்டும் ஆக்கவேண்டியதாயிற்று.

திறமையின்மையாலன்றி, உடன்படிக்கை முடிவுற்றமையாலேயே பல்லாண்டு உழைப்பு அங்காடியினின்றும் மறைந்தது. கொம்பனிக்காக ஆக்கப்பட்டவற்றின் பதிப்புரிமை வெளியீட்டிலிருந்து 95 ஆண்டு நிலவுமாதலின், 1992ஆம் ஆண்டுப் பொறி 2087 முடியும்வரை கட்டுண்டிருக்கும். அதற்குள் இறப்பரும் மின்சுற்றும் பழுதுறும். பொறியை அறிந்தோரும் அருகுவர். ஓவியர், இசைஞர், நிரலாளர் ஆகியோரின் உழைப்புக்குக் காப்பு வேண்டுமென்பதை மறுப்பாரிலர். எனினும் உரிமம் வழங்கும்போதே, காலம் முடிந்த பின்னரும் ஒரு படியைப் பேணிக் கற்றற்கு இடம் வைத்தல் உரிமையாளர்க்கும் இழுக்கன்று, வருங்காலத்தார்க்கும் பயனுடைத்து.