டிரம் சத்தம் மரத்துல மட்டும் இல்லை

இன்னைக்கு எபிசோட் டிரம் கிட் பத்தி. புதுசா ஒரு கிட் வாங்கப் போனா, கடையில முதல்ல காட்டுறது மரத்தைத்தான். "இது மேப்பிள், அது பிர்ச், சவுண்டே வேற மாதிரி இருக்கும்" என்பார்கள். விலையும் அதை வைத்துத்தான் ஏறும். மரத்துக்குப் பங்கு இல்லைன்னு சொல்ல வரலை. ஆனா கடந்த நூறு வருஷக் கதையைப் பார்த்தா, டிரம் சத்தத்தைத் தலைகீழா மாத்தினவை வேற: பெடல், திருகு, ஹெட், ஸ்டாண்ட்.

1900-ஐ ஒட்டிய அமெரிக்காவுக்குப் போவோம். ஊர்வல பேண்டில் பேஸ் டிரம்முக்கு ஒருத்தர், ஸ்னேருக்கு ஒருத்தர், சிம்பலுக்கு ஒருத்தர். அதே இசை நாடக அரங்குக்குள் வந்தபோது மேடைக்கு முன்னால் இருந்த குழியில் இடம் கம்மி, மூணு பேருக்குச் சம்பளம் கொடுக்கக் காசும் கம்மி. அதனால ஒரே ஆள் குச்சியால பேஸ் டிரம்மை ஒரு அடி, உடனே ஸ்னேரை ஒரு அடி என்று மாறி மாறி வாசிக்க வேண்டியிருந்தது. இதுக்கு 'டபுள் டிரம்மிங்' என்று பெயர்.

சிகாகோவில் வாசித்துக்கொண்டிருந்த வில்லியம் லுட்விக் 1909-ல் ஒரு பெடலைக் கொண்டுவந்தார். அதுக்கு முன்னாடியும் பெடல்கள் இருந்தன. ஆனா ராக்டைம் இசையின் வேகத்துக்கு அவை ஈடு கொடுக்கலை. லுட்விக்கின் பெடல் சின்னது, வேகமானது. பேஸ் டிரம் காலுக்குப் போனதும் இரண்டு கையும் விடுதலை ஆச்சு. 1920-களில் இடது காலுக்கும் வேலை வந்தது. முதலில் தரையை ஒட்டி இருந்த ஜோடி சிம்பல், நீளமான குழாய் மேல ஏறி, கைக்கு எட்டுற உயரத்துக்கு வந்தது. அதுதான் ஹை-ஹாட். இன்னைக்கு நாம 'பீட்' என்று சொல்றது பெரும்பாலும் இந்த இரண்டு இரும்புச் சாமான்கள் கொடுத்தது. மூணு பேர் வேலை ஒருத்தர் கைக்கும் காலுக்கும் வந்ததும் இப்படித்தான்.

அடுத்தது டாம். ஆரம்பகால ஜாஸ் டிரம்மர்கள் வைத்திருந்தவை சீன டாம்கள். தோலை மரத்தோட ஆணி அடித்து இறுக்கியிருப்பார்கள். சுருதி மாத்தத் திருகு கிடையாது. பென்னி குட்மன் இசைக்குழுவில் வாசித்த ஜீன் க்ரூபாவுக்கு அது பத்தலை. 1930-களின் நடுவில், ஸ்லிங்கர்லேண்ட் நிறுவனத்தோட சேர்ந்து, மேல் தோல் கீழ்த் தோல் இரண்டையும் தனித்தனியா முறுக்கக்கூடிய டாம்களைக் கொண்டுவந்தார். 1937-ல் பதிவான 'சிங், சிங், சிங்' கேட்டுப் பாருங்க. அதுல டாம் பின்னணிச் சத்தம் இல்லை, பாட்டையே அதுதான் தூக்கிட்டுப் போகுது.

இருந்தாலும் ஒரு தலைவலி தீரலை. தோல்னா கன்றுக்குட்டித் தோல். மழைக்காலத்துல தொய்ந்துபோகும், வெயில்ல விறைச்சுக்கும். நம்ம ஊர்ல பறை வாசிக்கிறவங்க ஆட்டத்துக்கு முன்னாடி தீ மூட்டிக் காய்ச்சுறதைப் பார்த்திருப்பீங்க. அங்கேயும் அதே பிரச்சினைதான். பழைய ஜாஸ் படங்களில் பேஸ் டிரம்முக்குள் விளக்கு எரியும். முன்பக்க ஓவியத்தை அழகா காட்டும், அந்தச் சூட்டுல தோலும் காயும்.

1950-களின் நடுவில் இதுக்கு முடிவு வந்தது. மைலார் என்கிற பாலியெஸ்டர் படலத்தில் ஹெட் செய்யும் வேலையை அமெரிக்காவில் சிலர் தனித்தனியா முயன்றார்கள். 1957-ல் கலிபோர்னியாவில் ரெமோ பெல்லி தொடங்கிய நிறுவனம் அதைப் பெரிய அளவில் பரப்பியது. ஈரத்துக்கு அசையாது, எல்லா இடத்திலும் ஒரே தடிமன், ஓங்கி அடிச்சாலும் தாங்கும். ஊர் ஊரா மழையிலும் வெயிலிலும் போன ராக் குழுக்களுக்கு இது இல்லாம முடியாது.

ஆனா சத்தமும் மாறிச்சு. தோலை விட பிளாஸ்டிக் பளிச்சென்று, நீளமா ஒலிக்கும். அதை அடக்கவே ஒரு புதுக் கலை வந்தது. 1966-ல் பீட்டில்ஸ் பதிவுகளில் ஜெஃப் எமரிக், ரிங்கோவின் பேஸ் டிரம்முக்குள்ள ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, மைக்கையும் பக்கத்துல கொண்டுபோனார். கும்மென்று நெஞ்சுல குத்துற சத்தம். பேஸ் டிரம்முக்குள்ள தலையணை வைக்கும் பழக்கம் இன்னைக்கும் ஸ்டுடியோக்களில் இருக்கு.

சரி, மரத்துக்கு என்னதான் வேலை? ஹெட் உட்காரும் விளிம்பைக் கவனிங்க. கூர்மையா 45 டிகிரியில் சீவியிருந்தா ஹெட் மரத்தை லேசாத்தான் தொடும். அடி தெளிவா விழும், சத்தம் நீளும். உருண்டையா இருந்தா நிறையத் தொடும். சத்தம் கதகதப்பா, குட்டையா முடியும். மேல இருக்கிற வளையமும் அப்படியே. வார்ப்பு வளையம் கனமானது, அது சத்தத்தைக் கட்டி நிறுத்தும். தகட்டை மடித்துச் செய்த வளையம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், சத்தம் விரியும். கேரி காகர் கொண்டுவந்த ரிம்ஸ் மவுண்ட் இன்னொரு விஷயத்தைக் காட்டியது: டாமின் உடம்பில் ஓட்டை போட்டுக் கம்பியை நுழைக்காம, வளையத்தோட ஓரத்துல தொங்கவிட்டா அதே டாம் இன்னும் நீளமா ஒலிக்கும். மரம் மாறலை, பிடி மட்டும் மாறிச்சு.

அதனால கையில இருக்கிற பழைய கிட் 'நல்லாவே இல்லை'ன்னு தோணினா, கடைக்கு ஓடாதீங்க. முதல்ல ஹெட்டை மாத்துங்க. எல்லாத் திருகையும் ஒரே அளவுக்கு முறுக்குங்க. டாம் எதுல தொங்குதுன்னு பாருங்க. புது கிட் விலையில ஒரு சின்னப் பங்குதான் ஆகும். அதுக்கப்புறமும் சத்தம் பிடிக்கலைன்னா, அப்போ மரத்தைப் பத்திப் பேசலாம்.