பாதுகாப்புத் துறையின் குடிசார் ஊழியரும் பிணக்குத் தீர்வும்: இந்திய அனுபவம்

படைக்கலம் ஏந்துவோர் வீரர். அதனை ஆக்குவோர் பெரும்பாலும் படையுடை அணியாத குடிசார் ஊழியரே. இவர்களுடைய பிணக்குகளை எவ்வாறு தீர்ப்பது என்ற வினாவுக்கு இந்தியா கண்ட விடை ஆராயத்தக்கது.

1960 யூலையில் சம்பளக் குழுவின் பரிந்துரைகளில் அதிருப்தியுற்ற மத்திய அரசாங்க ஊழியர், பாதுகாப்புத் துறையினர் உட்பட, ஐந்து நாட்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். அவசரச் சட்டத்தின் துணையுடன் அது அடக்கப்பட்டது. எனினும், அடக்குமுறை நிலையான தீர்வாகாதன்றோ? பிரித்தானியாவின் விற்லி மன்றங்களை முன்மாதிரியாகக் கொண்ட கூட்டு ஆலோசனை அமைப்பு 1966இல் உருவாயிற்று. உடன்பாடு எட்டப்படாதவிடத்துக் கட்டாய நடுத்தீர்ப்பை நாடும் வழியும் அதில் இருந்தது. ஆயின் அவ்வழி ஊதியமும் படிகளும், வாராந்த வேலைநேரம், விடுமுறை ஆகியவற்றுக்கு மட்டுமே திறந்திருந்தது.

இவ்வரையறையின் விளைவு 2021இல் புலனாயிற்று. 41 படைக்கலத் தொழிற்சாலைகளை நிருவகித்த சபையைக் கலைத்து ஏழு அரசாங்கக் கம்பனிகளை அமைக்க முடிவுசெய்யப்பட்டபோது, சுமார் 70,000 ஊழியரின் சங்கங்கள் வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமாயின. யூன் 30இல் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்ய அதிகாரமளிக்கும் அவசரச் சட்டம் பிறந்தது; ஒக்ரோபர் 1இல் மாற்றம் நடைமுறைக்கு வந்தது.

ஊதியம் எவ்வளவு என்ற வினாவுக்கு நடுவர் இருந்தார். முதலாளி யார் என்ற வினாவுக்கு நடுவர் இருக்கவில்லை. நடுவரில்லாத இடத்தில், அறுபது ஆண்டுகளின் பின்னரும், அவசரச் சட்டமே மீண்டும் வந்து நின்றது.