ஹாப்ஸ்பர்க் வீட்டின் பாகப்பிரிவினை

பாகப்பிரிவினை என்றதும் பத்திர எழுத்தரும் பஞ்சாயத்தாரும் நம் நினைவுக்கு வருவர். பிரிக்க வேண்டிய சொத்து ஐரோப்பாவில் பல நாடுகளும், கடலுக்கப்பால் அமெரிக்கக் குடியேற்றங்களுமாயின் என் செய்வது? ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்துக்கு அந்தச் சங்கடம் நேர்ந்தது.

மூத்தவரான ஐந்தாம் சார்லஸ் 1500-இல் கெண்ட் நகரில் பிறந்து பிளாண்டர்ஸில் வளர்ந்தவர். இளையவரான பெர்டினாண்டு 1503-இல் ஸ்பெயினில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர். 1517-இல் மன்னராக ஸ்பெயினில் வந்திறங்கிய மூத்தவருக்கு அந்நாட்டு மொழி வராது. உடன்பிறந்த இருவரும் அப்பொழுதுதான் முதன்முதலாக ஒருவரையொருவர் கண்டனர். அம்மொழியிலேயே வளர்ந்த தம்பியோ மறு ஆண்டே நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். 1521, 1522 உடன்படிக்கைகளால் ஆஸ்திரிய நிலங்கள் அவர் பங்காயின. அங்கே ஜெர்மன் மொழியைப் புதிதாகக் கற்க வேண்டியவரானார். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இவ்விருவர் மீதும் ஒருவகைப் பரிவு உண்டாகிறது.

பேரரசர் பட்டம் தம்பிக்குப் பின் தம் மகன் பிலிப்புக்கே வர வேண்டுமெனச் சார்லஸ் விரும்பினார். 1551-இல் ஆக்ஸ்பர்க்கில் இது பற்றிக் கசப்பான வாதம் நடந்து, ஒப்பந்தமும் எழுதப்பட்டது; ஆனால் நிறைவேறவில்லை. 1555-இல் பிரஸ்ஸல்ஸில் சார்லஸ் முடிதுறக்கத் தொடங்கினார். ஸ்பெயினும் நெதர்லாந்தும் மகனுக்கு, பேரரசு தம்பிக்கு.

பிரிந்த கிளைகளை இணைத்துவைக்க அவர்கள் கண்ட வழி திருமணம். இரண்டாம் பிலிப் 1570-இலும், நான்காம் பிலிப் 1649-இலும் தத்தம் சகோதரியின் மகளையே மணந்தனர். வெலாஸ்கஸ் 1656-இல் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தின் நடுவில் நிற்கும் சிறுமி மார்கரிட்டா, 1666-இல் தன் தாய்மாமனான வியன்னாப் பேரரசர் லியோபோல்டுக்கு மனைவியானாள்; இருபத்தொரு வயதில் மறைந்தாள். தாய்மாமன் முறை நமக்குப் புதிதன்று. ஆயின் இரு வீடுகளுக்குள்ளேயே தலைமுறைதோறும் பெண் கொடுத்தும் எடுத்தும் வந்ததைச் சாதாரண வழக்கத்தோடு ஒப்பிடலாகாது.

மார்கரிட்டாவின் தம்பியான இரண்டாம் சார்லஸ் பிறவியிலேயே நலிவுற்றவர். இம்மணங்களே அதற்குக் காரணம் என்பது இந்நாளைய மரபியலார் பலர் கருத்து. இருமுறை மணந்தும் மகவின்றி 1700 நவம்பர் 1-ஆம் நாள் அவர் இறந்தார். உயிலைப் பார்த்தால், அரசு முழுவதும் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் பேரனுக்கு! வியன்னா உறவினர் இதைப் பொறுக்கவில்லை. 1701 முதல் 1714 வரை ஐரோப்பா போர்க்களமாயிற்று. முடிவில் ஸ்பெயினும் அமெரிக்க நாடுகளும் லூயியின் பேரனுக்கே நிலைத்தன. தென் நெதர்லாந்து, மிலான், நேப்பிள்ஸ் ஆகியவை வியன்னாவுக்குச் சேர்ந்தன.