நான் போட்ட தலைப்பும் வயோமிங் கதையும்

எங்கள் தலைமுறைக்கு கௌபாய் என்றால் ஜெய்சங்கர்தான். 'கங்கா', 'ஜக்கம்மா' என்று கர்ணன் எடுத்த படங்களைத் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் நம் நண்பர்களிலும் இருப்பீர்கள். அந்தத் தொப்பியும் குதிரையும் துப்பாக்கியும் எங்கிருந்து வந்தன என்று அப்போது யார் யோசித்தது? ஓய்வு பெற்ற பிறகு புத்தகங்களைப் புரட்டியபோதுதான், அந்தத் தொப்பிக்குப் பின்னால் ஒரு நிலத்தகராறு இருப்பது தெரிந்தது. மாடு மேய்த்தவர்களுக்கும் வேலி போட்டுக் குடியேறியவர்களுக்கும் நடந்த தகராறு அது. அதில் பத்திரிகைகள் பார்த்த வேலையைப் படித்தபோது, முப்பது வருஷம் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்த எனக்குப் பழைய சங்கதி ஒன்று நினைவுக்கு வந்து உறுத்தியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அமெரிக்காவின் மேற்கே இருக்கிறது வயோமிங். 1870களிலும் 80களிலும் அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் அரசாங்கப் புல்வெளி. பெரிய பண்ணைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் மாடுகளை வாங்கிக் காசில்லாமல் அதில் மேய விட்டார்கள். பலருக்கு முதல் போட்டவர்கள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து தனவந்தர்கள். ஆனால் 1862இலேயே வந்த சட்டம் ஒன்று இருந்தது. அரசு நிலத்தில் 160 ஏக்கரைக் கோரி, ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்தால் அது சொந்தமாகிவிடும். இப்படி வந்த சின்னக் குடியானவர்கள் ஓடைக்கரையாகப் பார்த்து வேலி போட்டார்கள். தண்ணீர் கைவிட்டுப் போனால் சுற்றியுள்ள மேய்ச்சலும் போன மாதிரிதான். போதாததற்கு 1886-87 குளிர்காலப் பனியில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பண்ணைக்காரர்களுக்குக் கடும் நஷ்டம்.

இன்னொரு சட்டமும் இருந்தது. சூடு போடாத, தாய் தெரியாத கன்றெல்லாம் மாடு வளர்ப்போர் சங்கத்துக்கே சேரும் என்று 1884இல் எழுதி வைத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கம் யாருடையது? பெரிய பண்ணைக்காரர்களுடையது. ஆகவே சின்னவன் கொட்டகையில் நாலு கன்று அதிகமாக இருந்தால் அவன் திருடன். இந்த 'மாட்டுத் திருடன்' என்ற சொல்லைத்தான் பத்திரிகைகள் கையில் எடுத்துக்கொண்டன.

எல்லா வாட்சன் என்று ஒரு பெண். கனடாவில் பிறந்தவர். ஸ்வீட்வாட்டர் ஆற்றுப் பக்கம் தன் பெயரில் நிலம் கோரி, கொஞ்சம் மாடு வைத்திருந்தார். பக்கத்து நிலம் ஜிம் அவெரலுடையது. கடை வைத்திருந்தார், தபால் வேலையும் பார்த்தார். நிலத்தை வளைத்துப் போடும் பெரியவர்களைக் கண்டித்து 1889இல் பத்திரிகைக்குக் கடிதமும் எழுதினார். அதே வருஷம் ஜூலை 20ஆம் தேதி, பண்ணைக்காரர்கள் ஆறு பேர் வந்து இருவரையும் பிடித்துப்போய் மரத்தில் தொங்கவிட்டார்கள்.

சில நாளில் தலைநகர் செயென் பத்திரிகைகளில் செய்தி வந்தது. எப்படி? அவள் ஒழுக்கங்கெட்டவள், திருட்டு மாட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டவள் என்று. வேறொரு பெண்ணைப் பற்றிய கதைகளை எடுத்து இவர் தலையில் கட்டி, 'கேட்டில் கேட்' என்று ஒரு பட்டப்பெயரும் வைத்தார்கள். அந்தப் பத்திரிகைகளுக்குப் புரவலர்களே பண்ணைக்காரர்கள்தான். மற்ற ஊர்ப் பத்திரிகைகள் அதை அப்படியே எடுத்துப் போட்டன. சாட்சி சொல்ல ஆளில்லாமல் வழக்கு ஒன்றுமில்லாமல் போனது. அந்தப் பட்டப்பெயர் மட்டும் நூறு வருஷம் நின்றது. பழைய நில ஆவணங்களைத் தோண்டி, அந்தப் பெண் அப்படிப்பட்டவர் அல்ல என்று ஆராய்ந்தவர்கள் எழுதியது நம் காலத்தில்தான்.

மூன்று வருஷம் கழித்து, 1892 ஏப்ரலில், சங்கத்துக்காரர்களும் டெக்சாஸிலிருந்து கூலிக்குப் பிடித்த துப்பாக்கிக்காரர்களுமாக ஏறக்குறைய ஐம்பது பேர் தனி ரயிலில் கிளம்பி ஜான்சன் கவுன்டிக்குப் போனார்கள். தந்திக் கம்பிகளை அறுத்தார்கள். கூடவே இரண்டு நிருபர்களையும் அழைத்துப் போனார்கள்! செய்தி வெளியே போகக்கூடாது; போனால் நம் ஆள் எழுதியதாகப் போக வேண்டும். எவ்வளவு தெளிவான கணக்கு பாருங்கள்.

ஆனால் கணக்கு தப்பியது. நேட் சாம்பியன் என்பவரின் மரக்குடிலை வளைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சுட்டார்கள். அவர் உள்ளேயிருந்து திருப்பிச் சுட்டபடியே, கூட்டாளி சாவதையும் வெளியே நடப்பதையும் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில் குடிலுக்குத் தீ வைத்து, ஓடி வந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் குறிப்பு, கூட வந்த நிருபர் சாம் குளோவர் மூலமாகச் 'சிகாகோ ஹெரால்ட்' பத்திரிகையில் அச்சானது. திருடன் என்று சொல்லப்பட்டவனின் குரல் முதல்முறையாக ஊருக்குக் கேட்டது. பிறகு ஊர்க்காரர்கள் திரண்டு வந்தவர்களை வளைத்துக்கொண்டதும், ஜனாதிபதி ஹாரிசன் அனுப்பிய குதிரைப்படைதான் அவர்களைக் காப்பாற்றியது. 1893 ஜனவரியில் வழக்கும் தள்ளுபடி. பண்ணைக்காரர்கள் விளம்பரத்தில் பத்திரிகை நடத்திய ஏசா மெர்சர் மனம் மாறி அவர்களுக்கு எதிராக எழுதினார். 1894இல் புத்தகமே போட்டார். விளம்பரம் நின்றது, பத்திரிகை போனது.

நமக்கும் இது புதிதல்ல. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகல், ஆகோள் பூசலில் விழுந்த ஒருவனின் பெயரைத் தமிழி எழுத்தில் சொல்கிறது. ஒரு விதத்தில் அதுவும் செய்திதான், அவன் ஆட்கள் நட்ட செய்தி. எதிர்த்தரப்பின் கல் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நம் புறப்பொருள் வெண்பாமாலை, ஆநிரையைக் கவர்ந்தவனுக்கு வெட்சி, மீட்டவனுக்குக் கரந்தை என்று இருவருக்கும் ஒரு பூவைக் கொடுத்தது. யாருக்கும் 'அட்டகாசம்' என்று பெயர் வைக்கவில்லை.

வைத்தவன் நான்.

எழுபதுகளின் கடைசி. கரிசல் கிராமம் ஒன்றிலிருந்து பகுதி நேர நிருபரின் கவர் பஸ்ஸில் வந்தது. ராத்திரி கைகலப்பு, ஒரு விவசாயிக்கு மண்டை உடைந்தது, ஆட்டுக்காரர்கள் நாலு பேர் கைது. போலீஸ் சொன்னதும் நிலக்காரர் சொன்னதும் இருந்தது. ஆட்டுக்காரர் சொன்னது ஒரு வரி இல்லை. பக்கம் முடிகிற நேரம். 'நள்ளிரவில் ஆட்டுக்காரர்கள் அட்டகாசம்' என்று தலைப்புப் போட்டு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து வயதான கீதாரி ஒருவர் ஆபீசுக்கு வந்தார். மடியிலிருந்து அந்தத் துண்டுப் பேப்பரை எடுத்து விரித்தார்.

"எனக்கு எழுத்து தெரியாதுங்கய்யா. வாசிச்சுக் காட்டுனாங்க. மூணு மாசமாக் கிடை போட்ட கூலி வரல. கேக்கப்போன எம் மகன மரத்துல கட்டிப் போட்டாங்க. அவுத்து விடப் போனப்பத்தான் அடிதடி ஆச்சு. அடிச்சது தப்புதான், இல்லைங்கல. ஆனா இந்தப் பேப்பரப் பாத்தபொறவு எந்த ஊர்லயும் எங்களக் கிடை போட விடமாட்டேங்காங்களே."

ராத்திரி முழுக்க அடுத்தவர் வயலில் ஆட்டை அடைத்துப் புழுக்கையும் மூத்திரமும் உரமாகக் கொடுக்கிற தொழில் அது. நம்பிக்கை போனால் தொழில் போச்சு. செய்தி ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். "கேஸ் முடியட்டும், பார்க்கலாம்" என்றார். நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. கேஸ் என்ன ஆனதென்றுகூட நாங்கள் போடவில்லை. பெரியவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தார். பஸ்ஸுக்குக் காசு நீட்டினேன், வாங்கவில்லை.

வயோமிங் கதையிலும் என் கதையிலும் ஒன்றுதான் நடந்தது. ரத்தம் சிந்திய ராத்திரி மட்டும் செய்தியானது. அதற்கு முந்தின மூன்று மாசமும் முப்பது வருஷமும் செய்தியாகவில்லை. யார் வீட்டு வாசல் நிருபருக்குப் பக்கமோ அவர் சொன்னது முதல் வரியாயிற்று. எனக்கு யாரும் விளம்பரம் தரவில்லை, யாரும் மிரட்டவில்லை. அவசரம் ஒன்றே போதுமாக இருந்தது.

அன்று போட வேண்டிய திருத்தம் இதுதான்: அவர்கள் கூலி கேட்கப் போனவர்கள்.