கிளைக்கு ஒரு விதி

கோட்டக்குப்பத்திலிருந்து தெற்கே முத்தியால்பேட்டைக்கு நடந்து போனால் ரோடு மாறுவதில்லை, ஆனால் மாநிலம் மாறிவிடுகிறது. இந்தப் பக்கம் தமிழ்நாட்டு வரி, அந்தப் பக்கம் புதுச்சேரி வரி. மென்பொருள் எழுதுபவர்களுக்கும் இதே சங்கடம் உண்டு. ஒரே புரோகிராம்தான்... வெளியிட்ட பதிப்பு ஒரு கிளையில், புதிய சோதனை முயற்சி இன்னொரு கிளையில். இரண்டுக்கும் ஒரே விதி பொருந்துமா?

பலர் எழுதும் நிரலை உடனுக்குடன் சேர்த்து, கம்பைல் செய்து, சோதித்துச் சொல்லும் சர்வர்கள் 2001 க்ரூஸ்கன்ட்ரோல் காலத்திலேயே பரவலாகின. 2004ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலை பார்த்த கொசுகே கவாகுச்சி, தன் நிரலால் பில்ட் உடைந்து சக ஊழியர்களிடம் திட்டு வாங்கி அலுத்துப்போய், ஹட்சனை எழுதத் தொடங்கினார். (திட்டு வாங்குவதிலும் பயன் உண்டு!) ஆரக்கிளுடன் ஏற்பட்ட பெயர்த் தகராறால் 2011ல் அது ஜென்கின்ஸ் ஆனது.

ஹட்சனில் ஒவ்வொரு ஜாபின் அமைப்பும் சர்வரிலேயே இருந்தது. ஒரு ஜாப் வழக்கமாக ஒரு கிளையைத்தான் பார்க்கும். புதுக் கிளை பிறந்தால் ஜாபைக் காப்பி அடிக்க வேண்டும். பத்துக் கிளைக்குப் பத்து காப்பி; ஒன்றைத் திருத்தினால் மற்ற ஒன்பதும் பழையபடியே கிடக்கும். சரி, ஒரே ஜாபை எல்லாக் கிளைக்கும் வைத்தால்? போன வருடப் பதிப்பையும் இன்றைய விதியால் சோதிக்கும். பழைய ஜாவாவில் ஓட வேண்டிய நிரல் புதிய ஜாவாவில் தோற்றுப் போகும். தப்பு நிரலில் இல்லை, விதியில்!

2005ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் வந்ததும் கிளை போடுவது நொடி வேலை ஆனது. இனி காப்பி அடித்துக் கட்டுப்படியாகாது. 2011ல் தொடங்கிய டிராவிஸ் சிஐ விதியைச் சிறு கோப்பாக்கி நிரலுடனேயே வைக்கச் சொன்னது. கிளை பிரியும்போது விதியும் கூடவே பிரிந்து போகும். எந்தக் கிளைகளை மட்டும் ஓட்டுவது என்றும் அதிலேயே எழுதலாம். தமிழ் எழுத்துகளைக் கையாளும் ஓப்பன்-தமிழ் தொகுப்பும் டிராவிஸில் சோதிக்கப்பட்டதுதான். 2016ல் வந்த ஜென்கின்ஸ் 2.0வும் ஜென்கின்ஸ்ஃபைல் என்ற கோப்புடன் இதே வழிக்கு வந்தது. அந்தக் கோப்பு உள்ள கிளையைக் கண்டால் ஜாப் தானே பிறக்கும்; கிளையை அழித்தால் ஜாபும் போய்விடும்.

ஆனால் விதி கிளைக்குள் இருந்தால், கிளையை எழுதுபவர் விதியையும் மாற்றலாமே? முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பும் திருத்தத்திலேயே கடவுச்சொல்லைத் திருடும் கட்டளை இருக்கலாம். அதனால்தான் வெளியார் திருத்தங்களுக்கு ரகசியங்களைக் கொடுப்பதில்லை என்று டிராவிஸ் வைத்திருந்தது. 2021 செப்டம்பர் 3 முதல் 10 வரை அந்தப் பூட்டே ஒரு பிழையால் திறந்து கிடந்தது. பொதுத் திட்டங்களின் சாவிகளையெல்லாம் மாற்றிவிடுங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இன்னொரு வேடிக்கை. 2020 அக்டோபரில் கிட்ஹப் புதிய திட்டங்களின் முதன்மைக் கிளைக்கு 'மாஸ்டர்' என்ற பெயரை விட்டு 'மெயின்' என்று வைத்தது. பழைய திட்டங்கள் பலவும் பெயரை மாற்றிக்கொண்டன. கோப்பில் மட்டும் 'மாஸ்டர்' என்றே விட்டுவிட்டால் சிவப்பு எச்சரிக்கை எதுவும் வராது. அந்த ஜாப் சத்தமில்லாமல் ஓடாமலே இருந்துவிடும்.