பொந்தன்புளி வந்த வழி

இராமநாதபுரம் மாவட்டத்திலும் இலங்கையின் மன்னாரிலும் யானை போலப் பருத்த அடிமரத்துடன் நிற்கும் ஒரு மரத்தைக் காணலாம். இலையுதிர்ந்த காலத்தில், தலைகீழாகப் பிடுங்கி நட்டதுபோல் தோன்றும். முதிர்ந்த மரத்தில் பெரிய பொந்து விழும். காயின் சதை புளிக்கும். ஆகவே நம்மவர் இதைப் பொந்தன்புளி என்றனர். பப்பரப்புளி என்றும் பெயருண்டு. மன்னாரில் பெருக்கமரம் என்பர்.

இதன் தாயகம் ஆப்பிரிக்கா. 1749-இல் செனகல் சென்று இம்மரத்தை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் மிஷல் அடன்சனின் நினைவாக, அடன்சோனியா என்று இதற்குத் தாவரவியல் பெயர் சூட்டினார் லின்னேயஸ்.

அப்படியானால் தமிழ்க் கரைக்கு இதைக் கொண்டுவந்தவர் யார்? ஒட்டகத் தீவனத்துக்காக அராபிய வணிகர்கள் கொண்டுவந்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தில் அயல்நாட்டுக் குதிரைகள் வந்திறங்கியதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். எனவே இச்செய்தி பொருத்தமாகவே படுகிறது. ஆனால் பொருத்தம் வேறு, சான்று வேறு அன்றோ?

சான்றை மரத்திலேயே தேடினர் விஞ்ஞானிகள். ஆப்பிரிக்கா, இந்தியா, மலேசியா, மொரீஷியஸ் அடங்கிய மஸ்கரீன் தீவுகள் ஆகியவற்றின் மரங்களுடைய மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு 2015-இல் வெளிவந்தது. மேற்கு, நடு இந்திய மரங்கள் ஒரு தனிக் கூட்டமாக அமைந்தன. தென்கிழக்கு இந்திய மரங்களோ மேற்கு ஆப்பிரிக்கா, மஸ்கரீன், மலேசியா மரங்களோடு ஒரே கூட்டத்தில் சேர்ந்தன! இவை 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியரின் குடியேற்றத் தொடர்புகள் வழியே வந்தவை என்பது ஆய்வாளர் முடிவு. 1715 முதல் 1810 வரை மொரீஷியஸ் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது; நம் புதுச்சேரியிலும் அவர்கள் இருந்தனர் என்பதை நினைவிற் கொள்க.

இதனால் பழைய செய்தி முழுவதும் பொய்யாகிவிடாது. இந்தியாவுக்கு இம்மரம் ஒரே முறையில் அன்றி, நெடுங்காலமாகப் பலமுறை வந்துள்ளது என்றும் அவ்வாய்வு கூறுகிறது. ஆகவே ஒவ்வொரு மரத்துக்கும் தனி வரலாறு இருக்கலாம்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் கில்வா, ஜாம்பேசிப் பகுதிகளில் வெவ்வேறு மரபுக் கூட்டங்கள் கலந்து காணப்படுகின்றன. 15 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை உள்நாட்டு மக்கள் அடிமைகளாகப் பிடிக்கப்பட்டுக் கடற்கரைக்குக் கொண்டுவரப்பட்டதன் தடயமாக இது இருக்கலாம் என்கின்றனர். அம்மக்களுள் பெரும்பாலோர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

உங்கள் ஊரில் பொந்தன்புளி இருந்தால் அதன் சுற்றளவை அளந்து, இலையுதிரும் மாதத்தைக் குறித்து வையுங்கள். வெட்ட வருவோரிடம் இந்த வரலாற்றையும் எடுத்துச் சொல்லுங்கள்.