சக்கையும் புண்ணாக்கும்

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் எந்த வயலுக்கு எந்த உரம் என்பதை உழவரின் அறிவு மட்டும் தீர்மானித்ததில்லை. வேறொரு தொழில் எதை மிச்சம் வைத்ததோ, அதுவே பெரும்பாலும் வயலுக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தத் தொழில் அவுரி. தொட்டியில் ஊறவைத்துச் சாயம் இறக்கிய பின் எஞ்சிய தழையும் தண்டும் நெல்வயலுக்குப் போயின. அவுரி பயறு வகைச் செடி. சாயத்துக்கானது தண்ணீரில் இறங்கினாலும் தழைச்சத்தில் பெரும்பங்கு சக்கையிலேயே தங்கிவிடும். 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவுரி விலை சரிந்தது, சக்கையும் அருகியது. நெல்லுக்கு அது ஆகாது என்று யாரும் கைவிட்டதாகச் சொல்ல முடியாது.

மணிலாக்கொட்டையின் கதை இன்னும் கூர்மையானது. செக்கில் ஆட்டினால் எண்ணெய் விற்பனைக்கு, புண்ணாக்கு மாட்டுக்கும் வயலுக்கும். நூற்றுக்கு ஏழு பங்குக்குமேல் தழைச்சத்துள்ள உரம் அது. ஆனால் தென்னார்க்காட்டுக் கொட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பருப்பாகவே பிரான்சின் மார்செய் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. எண்ணெயோடு புண்ணாக்கும் போயிற்று. எண்ணெய் வித்து ஏற்றுமதி மண்ணின் வளத்தையே வெளியே அனுப்புவது என்ற கவலையை இந்திய வேளாண்மை பற்றி 1893இல் வெளிவந்த வோல்க்கர் அறிக்கையும் பேசியது. அப்படியானால் உழவருக்குத் தேர்வே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. சேற்றில் மிதிக்கக் கொழிஞ்சித் தழை, கரும்புக்குப் புண்ணாக்கு என்று பிரித்தறிந்தவர்கள்தாம் அவர்கள். கைக்கு எட்டியவற்றுள்தான் அந்த அறிவு வேலை செய்தது. அறுவடை முடிந்த தரிசில் ஆடு மேய்க்கும் கீதாரிகள் போட்ட ஆட்டுக்கிடையும் இதற்கு விலக்கல்ல. ஆடு வளர்ப்பது விற்பதற்காக. புழுக்கை அதன் உபரி வரும்படி.

வலுவான மறுப்பு நெய்வேலியிலிருந்து வரும். 1966இல் அங்கே இயங்கத் தொடங்கிய யூரியா ஆலை உரத்துக்கென்றே கட்டப்பட்டது. அதன் சரக்கில் தழைச்சத்து 46 விழுக்காடு. சேற்று வயலில் யூரியா எளிதில் ஊன்றிக்கொண்டது. ஆனால் ஆலை நெய்வேலியில் அமைந்ததே பழுப்பு நிலக்கரி அங்கே தோண்டப்பட்டதால்தான். அதைவிட்டு எரியெண்ணெய்க்கு மாறிய பின் செலவு கட்டுப்படியாகவில்லை, ஆலை மூடப்பட்டது. யூரியா மட்டும் நிற்கவில்லை. அரசு மானியத்தோடு வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. இந்த இடத்தில் என் வாதம் தளர்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் 1842இல் தொடங்கிய நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை போன்றவற்றின் கழிவு மண் எந்த வயலுக்குப் போய்ச் சேரும் என்பதை இன்றும் மண் பரிசோதனையைவிட லாரி வாடகைதான் முடிவுசெய்கிறது.